புத்தகத்தை இலவசமாகக் கொடுத்துக்கொண்டே எழுத்தில் சம்பாதிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

2003 ஜனவரியில் கோரி டாக்டரோ என்ற அறிவியல் புனைகதை எழுத்தாளரின் முதல் நாவலை டோர் பதிப்பகம் அச்சில் கொண்டுவந்தது. அதே நேரத்தில் அவர் முழு நாவலையும் தன் இணையதளத்தில் வைத்து, யார் வேண்டுமானாலும் இறக்கிப் படிக்கலாம் என்று சொல்லிவிட்டார். நகலெடுத்துப் பகிர எல்லாருக்கும் முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியான முதல் நாவல் அதுதான். அடுத்து வந்த பல புத்தகங்களையும் அவர் அதே முறையில் வெளியிட்டார். அதற்குப் பிறகு எத்தனையோ எழுத்தாளர்கள் அந்த வழியில் போய்விட்டார்கள். ஆனாலும் இலவசமாகக் கொடுத்துவிட்டால் பிழைப்புக்கு என்ன செய்வது என்ற கேள்வி அப்படியேதான் இருக்கிறது.

என் பதில் இது. இலவசப் பிரதி உங்களுக்கு வாசகரைக் கொண்டுவரும், பணத்தைத் தானாகக் கொண்டுவராது. வந்த வாசகரை மறுபடி தொடர்புகொள்ள உங்களிடம் ஒரு வழி இருக்க வேண்டும். அவர் பணம் கொடுக்க நினைக்கும்போது வாங்குவதற்கு ஏதாவது இருக்க வேண்டும். இந்த இரண்டையும் ஏற்பாடு செய்யாமல் புத்தகத்தை மட்டும் ஏற்றிவிட்டுக் காத்திருப்பவர்கள்தான் ஏமாந்து போகிறார்கள். கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யச் சொல்வேன், ஏனென்றால் முதல் இரண்டு மூன்றில் எடுக்கும் முடிவுகளைப் பிறகு எளிதில் மாற்ற முடியாது.

படி 1: உரிமை உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள்

புத்தகம் ஏற்கெனவே ஒரு பதிப்பகத்தில் வந்திருந்தால், பழைய ஒப்பந்தத்தை எடுத்து வரி வரியாகப் படியுங்கள். அச்சு, மின்னூல், ஒலிப்புத்தகம், மொழிபெயர்ப்பு, திரைப்படம் எல்லாம் தனித்தனி உரிமைகள். எதை எழுதிக்கொடுத்திருக்கிறீர்கள், எத்தனை வருடத்துக்கு என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மின்னூல் பற்றிப் பேச்சே இல்லாத பழைய ஒப்பந்தமாக இருந்தால் நீங்களாக ஒரு முடிவுக்கு வர வேண்டாம். பதிப்பாளரிடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள்.

புத்தகம் பல வருடமாக அச்சில் இல்லையென்றால், உரிமை ஆசிரியருக்குத் திரும்புவது பற்றி ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு இருக்கிறதா என்று தேடுங்கள். எந்த நிலையில், எப்படி நோட்டீஸ் கொடுத்தால் உரிமை திரும்பும் என்று அதில் இருக்கும். ஆதர்ஸ் அலையன்ஸ் என்ற எழுத்தாளர் அமைப்பு இதற்கென்றே ஒரு கையேட்டை இலவசமாக வெளியிட்டிருக்கிறது. அந்தப் பிரிவே இல்லாவிட்டாலும் கேட்டுப் பாருங்கள். விற்காத புத்தகத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு பதிப்பாளருக்கு ஆகப்போவது ஒன்றும் இல்லை, மரியாதையாகக் கேட்டால் பலர் விட்டுக்கொடுப்பார்கள்.

அப்புறம், அட்டைப்படமும் உள்ளே வரும் ஓவியங்களும். எழுத்து உங்களுடையது, ஓவியம் ஓவியருடையது. அச்சுப் பதிப்புக்கு மட்டும் அனுமதி வாங்கிய படத்தை இலவச மின்னூலில் போட்டால் அவருக்குச் செய்யும் அநியாயம். மறுபடி அனுமதி கேளுங்கள், கிடைக்காவிட்டால் வேறு அட்டை போடுங்கள்.

படி 2: உங்கள் எழுத்துக்கு எந்த முறை பொருந்தும்?

எல்லா வகை எழுத்துக்கும் ஒரே வழி சரிவராது. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள்.

தொடர்கதை எழுதுபவர்களுக்குத்தான் இந்த முறை மிக இயல்பாகப் பொருந்துகிறது. வைல்ட்போ என்ற புனைபெயரில் எழுதுபவர் 2011 ஜூனிலிருந்து 2013 நவம்பர் வரை ஒரு நெடுந்தொடரை இணையத்தில் எழுதினார். வாரம் இரண்டு அத்தியாயம் என்று தவறாமல் வந்த அந்தத் தொடர் கடைசியில் 16 லட்சம் வார்த்தைகளைத் தாண்டியது. எல்லாமே இலவசம். வாசகர்களின் நன்கொடை ஒரு குறிப்பிட்ட தொகையைத் தொட்டால் கூடுதலாக ஓர் அத்தியாயம் வரும் என்று வைத்திருந்தார். பிறகு மாதச் சந்தா முறைக்குப் போய் முழுநேர எழுத்தாளராகவே ஆகிவிட்டார். தொடரில் வாசகர் வாராவாரம் வந்து போகிறார், அடுத்து என்ன நடக்கும் என்ற ஆவல் அவரிடம் இருக்கிறது, எழுத்தாளர் வேலை செய்வது அவர் கண்ணுக்குத் தெரிகிறது. பணம் கேட்பதற்கு இதைவிடப் பொருத்தமான நிலைமை கிடையாது.

ஒரே உலகத்தில், ஒரே பாத்திரங்களோடு நான்கைந்து நாவல் எழுதியிருப்பவர்களுக்கு வழி இன்னும் எளிது. முதல் புத்தகத்தை நிரந்தரமாக இலவசமாக்கி, மற்றவற்றை விற்க வேண்டும். பேன் என்ற அறிவியல் புனைகதைப் பதிப்பகம் 1999-லேயே எழுத்தாளர் எரிக் ஃபிளின்ட்டின் முயற்சியில் ஓர் இலவச நூலகம் தொடங்கி இதைத்தான் செய்தது. இலவசமாக வைத்த பிறகு பழைய புத்தகங்களின் விற்பனை கூடியது என்று ஃபிளின்ட் வெளிப்படையாகவே எழுதினார்.

பாடநூல், தொழில்நுட்ப நூல் எழுதுபவர்களுக்கு வருமானம் பெரும்பாலும் புத்தகத்துக்கு வெளியே இருக்கிறது. ஆலன் டவ்னி என்ற பேராசிரியர் ஜாவா என்ற நிரல்மொழிக்கு எழுதிய பாடநூலை யாரும் மாற்றி எழுதலாம் என்ற அனுமதியோடு இலவசமாக வெளியிட்டார். ஜெஃப் எல்க்னர் என்ற பள்ளி ஆசிரியர் அதை எடுத்து பைத்தான் மொழிக்கு மாற்றி எழுதினார். டவ்னி பைத்தான் கற்றுக்கொண்டதே தன் புத்தகத்தின் அந்தப் புது வடிவத்தைப் படித்துத்தான். பிறகு அந்த நூலை டவ்னி மேலும் வளர்த்தார், ஓ'ரைலி பதிப்பகம் அதை அச்சில் விற்றது. இன்றும் மின்வடிவம் இலவசம்தான். பாப் நிஸ்ட்ரம் எழுதிய நிரலாக்க நூல்களும் இதே மாதிரி: இணையத்தில் முழுதாகப் படிக்கலாம், கையில் வைத்துப் படிக்க விரும்புபவர்கள் அச்சுப் பிரதியை வாங்கிக்கொள்கிறார்கள்.

ஒரே ஒரு நாவல் மட்டும் எழுதியிருப்பவருக்கும், ஒரே கவிதைத் தொகுப்பு வைத்திருப்பவருக்கும் இது கடினமான பாதை. வாசகர் படித்து முடித்து உங்களை விரும்பினாலும், அடுத்து வாங்க ஒன்றும் இருக்காது. இப்படிப்பட்டவர்களுக்கு நான் சொல்வது: முதல் புத்தகத்தைக் கொடுப்பதில் தவறில்லை, ஆனால் அது வெளிவரும் நாளில் இரண்டாவது புத்தகம் பாதியாவது எழுதி முடிந்திருக்க வேண்டும்.

படி 3: உரிமத்தைத் தேர்ந்தெடுங்கள்

இலவசம் என்பதில் பல வகை உண்டு. எல்லா உரிமையும் ஆசிரியருக்கே என்று போட்டுவிட்டு, என் தளத்தில் வந்து காசில்லாமல் படித்துக்கொள்ளுங்கள் என்று சொல்வதும் இலவசம்தான். அதற்குத் தனி உரிமம் எதுவும் தேவையில்லை. நகலெடுத்துப் பகிரவும் அனுமதிக்க விரும்பினால்தான் கிரியேட்டிவ் காமன்ஸ் பக்கம் போக வேண்டும்.

கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பு 2001-ல் தொடங்கியது, முதல் உரிமங்கள் 2002 டிசம்பரில் வந்தன. இப்போது ஆறு உரிமங்கள் இருக்கின்றன. ஆறிலும் ஆசிரியர் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. அதற்கு மேல் மூன்று நிபந்தனைகளைத் தேவைக்கேற்பச் சேர்த்துக்கொள்ளலாம்: வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, மாற்றி எழுதி வெளியிடக் கூடாது, மாற்றி எழுதினால் அதையும் இதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். கடைசி இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் என்பதால் சேர்ந்து வராது. இந்த ஆறோடு, எல்லா உரிமையையும் விட்டுக்கொடுத்துப் படைப்பைப் பொதுச் சொத்தாக்கும் அறிவிப்பு ஒன்றும் தனியாக இருக்கிறது.

எழுத்தில் பிழைக்க நினைப்பவர், வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனையைச் சேர்ப்பது நல்லது. அது இல்லாவிட்டால் உங்கள் நாவலை யாரோ அச்சடித்து விற்கலாம், உங்களுக்கு ஒரு காசும் தர வேண்டியதில்லை, நீங்கள் வழக்கும் போட முடியாது. நிபந்தனை இருந்தால், விற்க விரும்புபவர் உங்களிடம் வந்து பேசியாக வேண்டும். அந்தப் பேச்சுதான் உங்கள் வருமானம். மாற்றி எழுதக் கூடாது என்பதை நாவலுக்குச் சேர்க்கலாம், பாடநூலுக்குச் சேர்க்காதீர்கள். டவ்னியின் புத்தகத்துக்குப் பைத்தான் வடிவம் கிடைத்ததே யாரோ ஓர் ஆசிரியர் மாற்றி எழுதியதால்தான். ஒன்றைக் கவனியுங்கள்: மாற்றி எழுதுவது என்பதில் மொழிபெயர்ப்பும் அடக்கம். அதைத் தடுத்தால், ஆர்வத்தில் மொழிபெயர்க்க வரும் வாசகரும் உங்களிடம் அனுமதி கேட்டுத்தான் செய்ய முடியும்.

கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தளத்திலிருந்து கோப்பை எடுத்துவிடலாம், ஆனால் ஏற்கெனவே எடுத்தவர்களுக்கு அந்த உரிமம் தொடரும். நாளைக்கு ஒரு பதிப்பகம் வந்து முழு உரிமையும் வேண்டும் என்று கேட்டால் இது இடைஞ்சலாகலாம். ஆகவே தயக்கம் இருந்தால், இலவசமாகப் படிக்கலாம் என்பதோடு நிறுத்திக்கொண்டு, ஒரு வருடம் பார்த்த பிறகு உரிமம் கொடுங்கள். பூட்டியதைத் திறக்கலாம், திறந்ததைப் பூட்ட முடியாது. டாக்டரோவும் அப்படித்தான் போனார்: முதல் நாவலை இறுக்கமான உரிமத்தில் வெளியிட்டு, 2004-ல் மாற்றி எழுதவும் அனுமதிக்கும் உரிமத்துக்கு நகர்ந்தார்.

எந்த உரிமமானாலும் புத்தகத்தின் இரண்டாம் பக்கத்தில் உரிமத்தின் முழுப் பெயர், பதிப்பு எண், ஆசிரியர் பெயர், உங்கள் தள முகவரி நான்கும் இருக்கட்டும்.

படி 4: கோப்புகளைத் தயார் செய்யுங்கள்

இதில் நேரத்தை வீணாக்க வேண்டாம். மூன்று வடிவம் போதும்: உலாவியிலேயே படிக்கும் இணையப்பக்க வடிவம், செல்பேசிக்கும் மின்னூல் கருவிக்கும் இபப், அச்சடித்துப் படிப்பவர்களுக்கு பிடிஎஃப். அமேசானின் மின்னூல் கருவியான கிண்டிலை வைத்திருப்பவர்களுக்கென்று முன்பு தனியாக மோபி கோப்பு தேவைப்பட்டது. 2022-க்குப் பிறகு கிண்டிலுக்கு அனுப்பும் சேவையே இபப்பை ஏற்றுக்கொள்வதால் அந்த வேலை மிச்சம். மாற்றுவதற்கு காலிபர், பேன்டாக், திருத்துவதற்கு சிகில் என்று இலவச மென்பொருள்கள் இருக்கின்றன.

இலவசப் புத்தகம்தானே என்று மெய்ப்புப் பார்ப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். உங்கள் பெயரை முதல்முறை கேள்விப்படுபவர் உங்களை எடைபோடுவது இந்தப் பிரதியை வைத்துத்தான்.

படி 5: எங்கே வைப்பது?

முதலில் உங்கள் சொந்தத் தளம், சொந்த டொமைன் பெயரில். மற்ற இடங்களெல்லாம் அதற்குப் பிறகு. வேறொருவரின் தளத்தில் மட்டும் வைத்தால் விதிகளை அவர்கள் மாற்றும் நாளில் உங்கள் வாசகர்கள் அவர்களோடு போய்விடுவார்கள்.

அமேசானின் கிண்டில் கடையில் எழுத்தாளர் நேரடியாகப் பூஜ்ஜிய விலை வைக்க முடியாது. மற்ற கடைகளில் இலவசமாக இருப்பதைப் பார்த்து அமேசான் தன் விலையையும் இறக்கலாம், அது அவர்கள் விருப்பம். டிராஃப்ட்2டிஜிட்டல் மாதிரியான வினியோகச் சேவைகள் வழியாகப் பல கடைகளில் பூஜ்ஜிய விலை வைக்கலாம்.

அமேசானில் விற்கப் போகிறவர்கள் இரண்டு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, அமேசானின் பதிப்புச் சேவையான கேடிபியில் உள்ள கேடிபி செலக்ட் என்ற திட்டம். அதில் சேர்ந்தால் 90 நாளுக்கு அந்த மின்னூல் வேறெங்கும் இருக்கக் கூடாது, உங்கள் சொந்தத் தளத்தில் இலவசமாகக்கூட இருக்கக் கூடாது. இலவசமாகக் கொடுக்கும் புத்தகத்தை அதில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். தொடர்கதை எழுதுபவர்கள் சிலர், முதலில் இலவசமாக வெளியிட்டு, பிறகு அத்தியாயங்களை எடுத்துவிட்டு அந்தத் திட்டத்தில் சேர்க்கிறார்கள். எடுத்துவிடுவோம் என்று வாசகருக்கு முன்பே சொல்லிவிட்டால் அதில் தவறு இல்லை. இரண்டாவது, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் உள்ளடக்கம் என்று தெரிந்தால், இது உங்களுடையதுதானா என்று அமேசான் கேட்கும். உங்கள் தளத்தில் உங்கள் பெயரோடு புத்தகம் இருப்பது அப்போது கைகொடுக்கும்.

படி 6: வாசகரின் முகவரியை வாங்குங்கள்

ஆண்டி வியர் என்ற எழுத்தாளர் 2009-லிருந்து தன் விண்வெளி நாவலை அத்தியாயம் அத்தியாயமாகத் தன் தளத்தில் இலவசமாக எழுதினார். அதற்கு முன்பே பல வருடம் சிறுகதைகளும் படக்கதைகளும் போட்டுப் போட்டு அவரிடம் சுமார் 3,000 பேர் கொண்ட மின்னஞ்சல் பட்டியல் இருந்தது. புது அத்தியாயம் வந்தால் அவர்களுக்கு அஞ்சல் போகும். பிற்பாடு நடந்ததெல்லாம் அந்த மூவாயிரம் பேரிடமிருந்துதான் தொடங்கியது.

உங்களுக்கும் அந்தப் பட்டியல்தான் அடிப்படைச் சொத்து. சமூக ஊடகத்தில் பின்தொடர்பவர்களுக்கு உங்கள் பதிவு போய்ச் சேருமா என்பதை அந்த நிறுவனம் முடிவு செய்கிறது, மின்னஞ்சலில் அந்தத் தடை குறைவு. இரண்டு இடத்தில் கேளுங்கள்: இறக்கும் பக்கத்தில், அப்புறம் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில். கடைசிப் பக்கம்தான் முக்கியம். கதையை முடித்த சூட்டில் இருக்கும் வாசகர் உங்களிடமிருந்து இன்னும் ஏதாவது வேண்டும் என்று நினைக்கும் நேரம் அது.

முகவரி கொடுத்தால்தான் கோப்பு தருவேன் என்று கட்டாயப்படுத்துவதை நான் ஏற்கமாட்டேன். அப்படி வாங்கும் முகவரிகளில் பாதி போலியாக இருக்கும், கொடுத்த புத்தகமும் இலவசமாகத் தோன்றாது. விருப்பப்பட்டவர்கள் கொடுக்கட்டும். மாதம் ஒன்று, அதிகம் போனால் இரண்டு அஞ்சல் அனுப்புங்கள். ஒவ்வொரு அஞ்சலிலும் படிக்க ஏதாவது இருக்க வேண்டும், விலகிக்கொள்ள ஒரு சுட்டியும் இருக்க வேண்டும்.

படி 7: எதை விற்கப் போகிறீர்கள்?

நகலெடுக்கக் கூடியதை இலவசமாகக் கொடுத்தாயிற்று. மிச்சம் இருப்பதெல்லாம் நகலெடுக்க முடியாதவை: கையில் பிடிக்கும் பொருள், வசதி, முன்னுரிமை, உங்கள் நேரம். இவற்றுக்கு மக்கள் மனமுவந்து பணம் கொடுக்கிறார்கள்.

வசதி என்று சொன்னேன் இல்லையா, வியர் கதையே அதற்குச் சான்று. நாவல் முடிந்ததும் மின்னூல் வடிவம் கேட்டார்கள், செய்து தளத்தில் வைத்தார். அதைக் கருவியில் ஏற்றத் தெரியவில்லை, கிண்டில் கடையில் போடுங்கள் என்று கேட்டார்கள். 2011-ல் அங்கே அனுமதிக்கப்பட்ட குறைந்தபட்ச விலையான 99 சென்ட் வைத்துப் போட்டார். தளத்தில் இலவசமாகவே இருந்த புத்தகம் மூன்று மாதத்தில் சுமார் 35,000 பிரதி விற்றது. பிறகு ஒலிப்புத்தக உரிமை, 2014-ல் கிரவுன் பதிப்பகத்தின் அச்சுப் பதிப்பு, 2015-ல் திரைப்படம். திரைப்படம் எல்லாருக்கும் வாய்க்காது. ஆனால் ஒரே தட்டலில் தன் கருவிக்கு வந்து சேர்வதற்காக வாசகர் சிறு தொகை கொடுப்பார் என்பது எல்லாருக்கும் பொருந்தும். ஆகவே இலவசக் கோப்பு இருந்தாலும் கடைகளில் விலை வைத்த பதிப்பும் இருக்கட்டும்.

அச்சுப் புத்தகத்துக்கு இப்போது முதலீடு தேவையில்லை. லூலூ, இன்கிராம்ஸ்பார்க், கேடிபி மாதிரியான சேவைகள் வாசகர் கேட்கும்போது ஒரு பிரதி அடித்து அனுப்புகின்றன. ஒரு பிரதிக்கான செலவு அதிகம், அதனால் உங்களுக்கு நிற்பது கொஞ்சம்தான். ஆனால் விற்காமல் கட்டுக்கட்டாகத் தேங்கும் பயம் இல்லை. நன்றாகத் தைத்த கெட்டி அட்டைப் பதிப்பு, கையெழுத்திட்ட பதிப்பு என்று போக விரும்பினால் கூட்டு நிதி, அதாவது பலரிடம் முன்கூட்டியே பணம் சேர்த்து அச்சடிப்பது, நல்ல வழி. கிக்ஸ்டார்ட்டர் என்ற கூட்டு நிதித் தளத்தில் இலக்குத் தொகை சேராவிட்டால் யாரிடமும் பணம் எடுக்கப்படாது, சேர்ந்தால் தளம் 5 சதவீதம் எடுத்துக்கொள்ளும், பணப் பரிமாற்றக் கட்டணம் தனி. கூட்டு நிதியில் எழுத்தாளரைச் சாய்ப்பது பெரும்பாலும் தபால் செலவு. புத்தகத்தின் எடையை முதலில் நிறுத்துப் பார்த்து, உள்நாட்டுக்கும் வெளிநாட்டுக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட்ட பிறகே விலையை அறிவியுங்கள்.

மாதச் சந்தா பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிலையான வருமானம் இங்கேதான் இருக்கிறது. பேட்ரியான் என்ற சந்தாத் தளம் 2013-ல் வந்ததிலிருந்து தொடர்கதை எழுதும் பலர் பிழைப்பது இதில்தான். அவர்கள் பரவலாகக் கையாளும் முறை, சந்தாதாரருக்கு அடுத்த சில அத்தியாயங்களை முன்கூட்டியே தருவது. எல்லா அத்தியாயமும் கடைசியில் எல்லாருக்கும் இலவசமாகிவிடும், பணம் கொடுத்தவர் சில வாரம் முன்னால் படிக்கிறார், அவ்வளவுதான். இதில் யாருக்கும் எதுவும் மறுக்கப்படுவதில்லை என்பதால் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. ஆனால் கையில் எழுதி முடித்த அத்தியாயங்கள் சில இருந்தால்தான் தொடங்க வேண்டும். கையிருப்பு தீர்ந்துவிட்டால் பணம் கொடுத்தவரும் கொடுக்காதவரும் ஒரே நாளில் படிப்பார்கள். சந்தாப் படிகளை இரண்டு, மூன்றுக்கு மேல் வைக்காதீர்கள். தனிக் கடிதம், மாதாந்தர அரட்டை, பாத்திரத்துக்குச் சந்தாதாரரின் பெயர் என்று வாக்குறுதிகளை அடுக்கினால் எழுத நேரம் இருக்காது.

ஒலிப்புத்தகத்தை இலவசப் பட்டியலில் சேர்க்காமல் தனியாக வைத்துக்கொள்வது நல்லது. தயாரிக்கச் செலவு உண்டு, வாசகரும் அதைத் தனிப் பொருளாகப் பார்க்கிறார். டாக்டரோ 2020-ல் தன் நாவலின் ஒலிப்பதிவைப் நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு இல்லாத கோப்பாக வாசகரிடம் நேரடியாக கிக்ஸ்டார்ட்டரில் விற்றபோது இரண்டரை லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. இருபது வருடமாக அவர் சேர்த்த வாசகர்கள் பின்னால் இருந்ததால் நடந்தது அது.

அபுனைவு எழுதுபவர்களுக்குப் பயிற்சி வகுப்பு, உரை, ஆலோசனை ஆகியவை புத்தகத்தைவிட அதிகம் தரும். புத்தகம் இலவசமாக இருப்பதால் உங்கள் பெயர் எட்டும் தூரம் கூடுகிறது, கூப்பிடுபவர்கள் கூடுகிறார்கள். கூப்பிட்டால் கட்டணம் சொல்லத் தயங்காதீர்கள். எழுத்தை இலவசமாகக் கொடுத்தவர் தன் நேரத்தையும் இலவசமாகக் கொடுப்பார் என்று சிலர் நினைப்பார்கள், கட்டண விவரத்தைத் தளத்திலேயே எழுதி வைத்துவிட்டால் அந்தப் பேச்சே வராது.

படி 8: கேட்கும் முறை

2000-ல் ஸ்டீபன் கிங் ஒரு நாவலைப் பகுதி பகுதியாக இணையத்தில் வெளியிட்டார். இறக்கியவர்கள் நேர்மையாகப் பணம் கட்ட வேண்டும், 75 சதவீதம் பேராவது கட்டினால்தான் தொடர்ந்து எழுதுவேன் என்றார். முதலில் அந்த அளவு எட்டியது. நான்காம் பகுதியில் கட்டியவர்கள் பாதிக்கும் கீழே போனார்கள். ஆறு பகுதியோடு நாவல் நின்றது, இன்றுவரை முடியவில்லை.

அவ்வளவு பெரிய எழுத்தாளருக்கும் அது நின்றுபோனதற்கு, வைத்த அளவுகோலே காரணம் என்று நினைக்கிறேன். இலவசமாகக் கொடுப்பவர் எத்தனை சதவீதம் பேர் பணம் கொடுக்கவில்லை என்று பார்க்கவே கூடாது. நூற்றில் தொண்ணூற்றெட்டுப் பேர் கொடுக்கமாட்டார்கள் என்று வைத்துக்கொண்டே திட்டம் போட வேண்டும். மொத்தம் எவ்வளவு வந்தது, அது போதுமா என்பதுதான் கேள்வி. கொடுக்காதவர்களைக் குற்றவாளி மாதிரி நடத்தினால் கொடுப்பவர்களுக்கும் மனம் விட்டுப்போகும்.

கேட்க வேண்டியதைத் தெளிவாக, ஒரு தடவை, சரியான இடத்தில் கேளுங்கள். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இப்படி எழுதலாம்: "இந்தப் புத்தகத்தை எழுத எனக்கு இரண்டு வருடம் ஆனது. உங்களுக்குப் பிடித்திருந்தால் இந்தச் சுட்டியில் அச்சுப் பிரதி வாங்கலாம், அல்லது விரும்பிய தொகை அனுப்பலாம். அடுத்த நாவலுக்கு அது உதவும்." எவ்வளவு கொடுக்கலாம் என்று ஒரு தொகையையும் பரிந்துரையுங்கள், எவ்வளவு சரி என்று தெரியாமல்தான் பலர் ஒன்றும் கொடுக்காமல் போகிறார்கள். விலையை வாசகரே முடிவு செய்யும் முறையில் விற்க லீன்பப் மாதிரியான தளங்கள் வசதி தருகின்றன: குறைந்தபட்ச விலையைப் பூஜ்ஜியமாக வைத்து, பக்கத்தில் பரிந்துரை விலையையும் காட்டலாம்.

படி 9: வருமானக் கணக்கு

2008-ல் கெவின் கெல்லி என்ற அமெரிக்க எழுத்தாளர் ஒரு கணக்குச் சொன்னார். உங்கள் படைப்பு எதுவானாலும் வாங்கும் உண்மையான வாசகர் ஆயிரம் பேர், ஒவ்வொருவரும் வருடத்துக்கு ஒரு நாள் சம்பளத்தை உங்களுக்காகச் செலவழித்தால் நீங்கள் பிழைக்கலாம் என்றார். அந்த ஒரு நாள் சம்பளத்தை அவர் 100 டாலர் என்று வைத்தார், ஆக வருடத்துக்கு 1,00,000 டாலர்.

இதை அப்படியே நம்பிவிட வேண்டாம். அவர் சொன்னது வாசகர் செலவழிக்கும் தொகை, அச்சும் தபாலும் கட்டணமும் வரியும் கழிந்த பிறகு ஒரு வாசகரிடமிருந்து அவ்வளவு நிற்பது அரிது. நீங்களே கணக்குப் போடுங்கள். உங்கள் ஒரு மாதச் செலவை எழுதுங்கள். ஒரு சந்தாதாரரிடமிருந்து பிடித்தம் போகக் கைக்கு வருவதால் அதை வகுங்கள். அத்தனை சந்தாதாரர் வேண்டும். இறக்குபவர்களில் நூற்றுக்கு ஒருவர் சந்தாதாரராவார் என்று எடுத்துக்கொண்டால், அந்த எண்ணைப் போல நூறு மடங்கு பேர் உங்கள் புத்தகத்தை எடுக்க வேண்டும். தாளில் எழுதிப் பார்க்கும்போது எண் பெரிதாகத் தெரியும், அது நல்லதுதான். இன்னொரு புத்தகம், அச்சுப் பதிப்பு, ஒலிப்பதிவு, வகுப்பு என்று மற்ற வழிகளை ஏன் சேர்க்க வேண்டும் என்று அப்போது புரியும்.

எழுத்து வருமானம் தொடர்ந்து ஒரு வருடம் உங்கள் அடிப்படைச் செலவை எட்டும் வரை, செய்துகொண்டிருக்கும் வேலையை விடாதீர்கள். ஒரு நல்ல மாதத்தைப் பார்த்து எடுக்கும் முடிவு இல்லை இது.

படி 10: திருட்டு வந்தால், பதிப்பாளர் வந்தால்

இலவசப் புத்தகத்தை யாராவது வேறு பெயரில் கடையில் ஏற்றி விற்பது நடக்கும். அவ்வப்போது உங்கள் புத்தகத்திலிருந்து ஒரு தனித்துவமான வாக்கியத்தை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். கண்டுபிடித்தால் அந்தக் கடைக்குக் காப்புரிமைப் புகார் அனுப்புங்கள், பெரிய கடைகள் எல்லாவற்றிலும் அதற்கென்று படிவம் உண்டு. முதலில் வெளியிட்ட தேதி உங்கள் தளத்தில் தெளிவாக இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். காசு வாங்காமல் பகிர்பவர்களோடு சண்டைக்குப் போகாதீர்கள், அவர்கள் உங்கள் விளம்பரத்தைச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

கொஞ்சம் பெயர் வந்தால் பதிப்பாளர் தேடி வரலாம். இணையத்தில் இலவசமாக இருப்பதே காரணமாக எல்லாப் பதிப்பாளரும் ஓடிவிடுவதில்லை. பிராண்டன் சாண்டர்சன் ஒரு நாவலை எழுத எழுத அதன் வரைவுகளைத் தன் தளத்தில் போட்டார், டோர் பதிப்பகம் 2009-ல் அதையே அச்சில் கொண்டுவந்தது, மின்வடிவம் தளத்தில் இலவசமாகத் தொடர்ந்தது. பீட்டர் வாட்ஸின் 2006 நாவல் கடைகளில் சரியாகக் கிடைக்காமல் மறைந்துபோக இருந்த நேரத்தில் அவர் அதைத் தன் தளத்தில் இலவசமாக வைத்தார். படித்தவர்கள் பேசினார்கள், புத்தகம் பிழைத்தது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

ஒப்பந்தம் பேசும்போது மூன்றை எழுத்தில் கேளுங்கள். இலவச மின்வடிவம் உங்கள் தளத்தில் தொடரலாம் என்ற அனுமதி, ஒலிப்புத்தகமும் மொழிபெயர்ப்பும் உங்களிடமே இருப்பது, குறிப்பிட்ட காலம் அச்சில் இல்லாவிட்டால் உரிமை தானாகத் திரும்புவது. முதலாவதற்குச் சம்மதிக்காவிட்டால், அச்சு உரிமையை மட்டும் கொடுக்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள். அதற்கும் மறுத்தால் முன்பணம் எவ்வளவு என்று கேட்டு, படி 9-ல் போட்ட கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு பதில் சொல்லுங்கள். மின்வடிவத்தை எடுத்துவிட ஒப்புக்கொண்டால், பட்டியலில் உள்ள வாசகர்களுக்கு ஒரு மாதம் முன்பே அஞ்சல் அனுப்பி, வேண்டியவர்கள் இறக்கிக்கொள்ள அவகாசம் கொடுங்கள்.